ஊழியர்களே முதலாளிகளாக இருக்கும் நிறுவனங்கள் நன்றாக ஓடுகின்றனவா?

கேள்வி இதுதான்: ஊழியர்களே சொந்தக்காரர்களாக இருக்கும் நிறுவனங்கள் மற்றவற்றைவிட நன்றாகச் சம்பாதிக்கின்றனவா, இல்லை அது கேட்பதற்கு இனிமையான பேச்சு மட்டும்தானா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சராசரியாகப் பார்த்தால் கொஞ்சம் நன்றாகவே செய்கின்றன. அந்தக் 'கொஞ்சம்' மிகவும் சிறியது. ஆனால் கெட்ட காலம் வரும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆட்களை வீட்டுக்கு அனுப்புவது குறைகிறது, கதவை இழுத்து மூடுவதும் குறைகிறது. அப்புறம், பங்கை மட்டும் கையில் கொடுத்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தையும் முடிவெடுக்கும் அறையையும் பழையபடி பூட்டி வைத்திருக்கும் இடங்களில் பெரிதாக எந்தப் பலனும் தெரிவதில்லை. எனக்கு இந்த மூன்றாவது விஷயம்தான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

தொடங்கும் முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஊழியர் பங்கு உரிமைத் திட்டத்தின் ஆங்கிலச் சுருக்கமான 'ஈசாப்' (ESOP) என்ற சொல் இரண்டு பொருளில் புழங்குகிறது. புதிய நிறுவனங்கள் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் ஸ்டாக் ஆப்ஷனையும் (குறித்த விலையில் பின்னாளில் பங்கு வாங்கும் உரிமை) அப்படித்தான் சொல்கிறார்கள். அது ஒரு சலுகை, அதனால் யாரும் முதலாளி ஆகிவிடுவதில்லை. நான் பேசுவது வேறு. அமெரிக்காவில் ஈசாப் என்பது ஓய்வூதிய நிதி மாதிரி. ஒரு டிரஸ்ட் நிறுவனத்தின் பங்குகளை வாங்கி ஊழியர்களின் கணக்கில் வருடாவருடம் வரவு வைக்கும், ஊழியர் விலகும்போதோ ஓய்வு பெறும்போதோ அதன் மதிப்பைப் பணமாக வாங்கிக்கொள்வார். லூயிஸ் கெல்சோ என்ற வழக்கறிஞர் 1956இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்துக்காக இதை முதலில் வடிவமைத்தார். 1974இல் வந்த ஓய்வூதியச் சட்டம் அதற்குச் சட்ட அந்தஸ்து கொடுத்தது. இரண்டாவது வடிவம் பிரிட்டனின் ஜான் லூயிஸ் கடைக் குழுமம் மாதிரி. பங்குகள் மொத்தமும் ஒரு டிரஸ்டிடம் இருக்கும், தனி ஆள் பெயரில் எதுவும் இராது, லாபம் மட்டும் போனஸாக வரும். மூன்றாவது தொழிலாளர் கூட்டுறவு. ஆளுக்கு ஒரு ஓட்டு, எவ்வளவு பணம் போட்டிருந்தாலும் ஒரே ஓட்டு. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் உள்ள மோன்ட்ராகோன் இதற்குப் பெரிய உதாரணம். மூன்றுக்கும் ஒரே பெயர் சொல்லி ஒரே தராசில் நிறுப்பதால்தான் இந்த விவாதத்தில் பாதிச் சண்டை வருகிறது.

சரி, எண்களுக்கு வருவோம். 2016இல் ஓபாய்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிட்டார்கள். 102 மாதிரிகள், ஏறக்குறைய 57,000 நிறுவனங்கள். ஊழியர் உரிமைக்கும் நிறுவனத்தின் செயல்பாட்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) 0.04 என்று வந்தது. நேர்மறைதான், ஆனால் இவ்வளவு சின்ன எண்ணை வைத்துக்கொண்டு "ஊழியர் கையில் கொடுத்தால் லாபம் கொட்டும்" என்று யாரும் சொல்லிவிட முடியாது. இன்னொரு பக்கம், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் குரூஸும் ஜோசப் பிளாசியும் ஈசாபுக்கு மாறிய நிறுவனங்களை அதே துறையில் உள்ள மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டார்கள். மாறிய பிறகு விற்பனையும் வேலைவாய்ப்பும் தலைக்கு விற்பனையும் வருடத்துக்குச் சுமார் 2.3 முதல் 2.4% கூடுதலாக வளர்ந்ததாகக் கண்டார்கள். ஒரு வருடத்தில் இது கண்ணுக்கே தெரியாது. பத்து வருடம் தொடர்ந்தால் கால்பங்கு கூடுதல்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நன்றாக ஓடும் நிறுவனத்தின் முதலாளிதான் பெரும்பாலும் ஓய்வு பெறும்போது ஈசாபுக்கு விற்க முடியும், ஏனென்றால் அதற்கு வங்கி கடன் கொடுக்க வேண்டும். ஆக, ஏற்கெனவே தெம்பாக இருந்தவர்கள்தான் இந்தக் கூட்டத்தில் அதிகம். வரிச் சலுகையும் உண்டு. இந்த இரண்டையும் கழித்துவிட்டுத்தான் மிச்சத்தை ஊழியர் உரிமையின் கணக்கில் எழுத வேண்டும். நல்ல ஆய்வுகள் முன்பும் பின்பும் ஒப்பிட்டு இதைக் கழிக்கப் பார்க்கின்றன, முழுவதுமாகக் கழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை.

பொருளியல் பாடத்தின்படி பார்த்தால் இந்தச் சின்னப் பலன்கூட வந்திருக்கக் கூடாது. 500 பேர் சமமாகப் பங்கு வைத்திருக்கும் ஒரு தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கவனமாக வேலை செய்து ஆயிரம் மதிப்புள்ள பொருளை வீணாகாமல் காப்பாற்றுகிறார். அந்த ஆயிரத்தில் அவர் பங்குக்கு வருவது இரண்டே இரண்டு. மிச்சம் 998 மற்றவர்களுக்கு. அப்படியென்றால் எதற்காக அவர் மெனக்கெட வேண்டும்? மற்றவர்கள் உழைக்கட்டும், பங்கு எனக்கும் வரும் என்று உட்கார்ந்துவிடலாமே? இதை 1972இல் அல்சியன், டெம்செட்ஸ் என்ற பொருளியலாளர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகு கிட்டத்தட்ட வேதவாக்காகவே எடுத்துக்கொண்டார்கள். குழுவாகச் செய்யும் வேலையைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டும், மிஞ்சும் லாபம் அந்தக் கண்காணிப்பாளருக்குப் போனால்தான் அவர் ஒழுங்காகக் கண்காணிப்பார் என்பது அவர்கள் வாதம்.

இந்த வாதம் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அது ஒரு விஷயத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டது. வேலைத்தளத்தில் யார் ஏமாற்றுகிறார், எந்த இயந்திரம் நேற்றிலிருந்து ஒரு மாதிரி சத்தம் போடுகிறது, எந்தப் பொருள் குப்பைக்குப் போகிறது என்பது மேலாளரைவிடப் பக்கத்து மேசைக்காரருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்க மாட்டார், ஏனென்றால் திறந்தால் அவருக்குக் கெட்ட பெயர்தான் மிச்சம். ஹார்வர்டின் ரிச்சர்ட் ஃப்ரீமன் ரட்கர்ஸ்காரர்களோடு சேர்ந்து பெரிய அளவில் ஊழியர்களிடம் கேட்டபோது, லாபத்திலோ உரிமையிலோ பங்குள்ளவர்கள் வேலையில் டிமிக்கி கொடுக்கும் சக ஊழியரிடம் நேரடியாகப் பேசுவது கூடுகிறது என்று தெரிந்தது. மேலதிகாரியின் பிடி இறுக்கமாக இல்லாத இடங்களில் இது இன்னும் அதிகம். கொடுத்த பங்கு ஒருவரைத் தனியாக அதிகம் உழைக்க வைப்பதைவிட, பக்கத்தில் இருப்பவரிடம் பேச வைக்கிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆனால் பேசினால் கேட்பதற்கு ஆள் வேண்டும். அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 1987இல் ஈசாப் நிறுவனங்களை ஆராய்ந்தபோது, ஈசாப் தனியாக லாபத்தையோ உற்பத்தித்திறனையோ கூட்டியதாகத் தெரியவில்லை. முடிவெடுப்பதில் ஊழியர்களுக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனங்களில் மட்டும் உற்பத்தித்திறன் வளரும் வேகம் கூடியிருந்தது. அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளும் திரும்பத் திரும்ப இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன.

நேரில் பார்ப்பதுபோல ஒன்றைச் சொல்கிறேன். மிசூரி மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் பழைய இன்ஜின்களைப் பிரித்து மீண்டும் புதிதாக்கும் ஒரு தொழிற்சாலை இருந்தது. தாய் நிறுவனமான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நொடித்துக்கொண்டிருந்தது. 1983இல் ஜாக் ஸ்டாக் என்ற மேலாளரும் அவருடைய கூட்டாளிகளும் அந்தத் தொழிற்சாலையை வாங்கினார்கள். சொந்த முதல் 1 லட்சம் டாலர், கடன் 89 லட்சம் டாலர். கையில் இருந்த ஒவ்வொரு டாலருக்கும் 89 டாலர் கடன்! எந்த வங்கியாளரும் இதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வார். ஒரு தவணை தவறினாலும் கதை முடிந்தது. அந்த நிலையில் ஸ்டாக் செய்தது, இன்ஜினைக் கழற்றுபவரிலிருந்து பாகங்களைக் கழுவுபவர் வரைக்கும் லாப நட்டக் கணக்கைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. வாராவாரம் எண்களை எல்லோர் முன்னாலும் வைத்தார்கள். கிராங்க் ஷாஃப்டை (இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினால் எவ்வளவு, அதையே சரிசெய்தால் எவ்வளவு, அந்த வித்தியாசம் இந்த மாதக் கடன் தவணையில் எவ்வளவு பங்கு என்று தொழிலாளியே போட்டுப் பார்க்க முடிந்தது. தொழிலாளிக்குக் கிடைத்த பங்குதாரர் என்ற பெயர் வெறும் காகிதமாக இல்லாமல் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய ஒன்றாக மாறுவது அந்த இடத்தில்தான். தொடங்கும்போது ஒரு பங்கின் மதிப்பு 10 சென்ட். சில ஆண்டுகளிலேயே அது டாலர் கணக்கில் பேசப்பட்டது, நிறுவனம் இன்றும் இருக்கிறது. கணக்கைத் திறந்து வைக்கும் இந்த முறையைக் கற்றுக்கொள்ளப் பிறகு பலரும் இங்கேதான் பாடம் படிக்க வந்தார்கள்.

இப்போது கெட்ட காலத்துக்கு வருவோம். அமெரிக்காவின் வடமேற்கில் ஒரு காலத்தில் பிளைவுட் செய்யும் தொழிலாளர் கூட்டுறவுகள் நிறைய இருந்தன. முதலாவது 1921இல் தொடங்கிய ஒலிம்பியா வெனீர். பொருளியலாளர்களுக்கு இவை ஒரு வரப்பிரசாதம், ஏனென்றால் அதே ஊரில், அதே மரத்தை வாங்கி, அதே பொருளை விற்கும் சாதாரண ஆலைகளும் பக்கத்திலேயே இருந்தன. கிரெய்க், பென்கவெல் இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிளைவுட் விலை சரிந்தால் சாதாரண ஆலை ஆட்களைக் குறைத்தது. கூட்டுறவு ஆலை ஆட்களை வைத்துக்கொண்டு எல்லோருடைய வருமானத்தையும் குறைத்துக்கொண்டது. உற்பத்தித்திறனும் கூட்டுறவுகளில் 6 முதல் 14% வரை கூடுதல்.

இதே போக்கு வேறு நாடுகளிலும் தெரிகிறது. உருகுவேயில் கேப்ரியல் புர்தீன் தொழிலாளர்கள் நடத்தும் நிறுவனங்களின் ஆயுளை மற்றவற்றோடு ஒப்பிட்டார். மூடப்படும் அபாயம் 29% குறைவு. அமெரிக்காவில் 2008இன் பெரிய பொருளாதார மந்தத்துக்குப் பிறகு 2010இல் எடுத்த பொதுச் சமூகக் கணக்கெடுப்பில், முந்தைய ஓர் ஆண்டில் வேலை இழந்ததாகச் சொன்னவர்கள் உழைக்கும் மக்களில் 12.1%. ஊழியர் பங்கு உள்ள இடங்களில் இருந்தவர்களில் அது 2.6%. இவ்வளவு பெரிய இடைவெளி முழுவதும் பங்கினால் வந்தது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அப்படிப்பட்ட நிறுவனங்கள் வேறு வழிகளிலும் நல்ல இடங்கள். ஆனாலும், வேலை போனால் ஒரு குடும்பம் என்னவாகிறது என்பதைப் பார்த்திருக்கும் எவருக்கும் இந்த எண் சும்மா ஒரு புள்ளிவிவரமாகத் தோன்றாது. லாப விகிதத்தை மட்டும் அளந்துவிட்டு "பெரிய வித்தியாசம் இல்லை" என்று முடிப்பவர்கள் இந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

தோற்ற கதைகளையும் சொல்ல வேண்டும். யுனைட்டெட் ஏர்லைன்ஸ்தான் எல்லோரும் காட்டும் உதாரணம். 1994இல் ஊழியர்கள் சம்பளத்தை விட்டுக்கொடுத்து 55% பங்கை வாங்கினார்கள், 2002 டிசம்பரில் நிறுவனம் திவால் மனு போட்டது. "பார், ஊழியர் கையில் கொடுத்தால் இப்படித்தான்" என்பார்கள். உள்ளே பார்த்தால், விமானப் பணிப்பெண்கள், பணியாளர்களின் சங்கம் அந்தத் திட்டத்தில் சேரவே இல்லை. பங்கு கொடுப்பது குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும். 2000இல் அது முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பங்கு கிடையாது. 2000 கோடையில் விமானிகள் கூடுதல் நேரம் பறக்க மறுத்து ஆயிரக்கணக்கான பயணங்கள் ரத்தாயின. பாதிக்கு மேல் பங்கு இருந்தும் தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் பழைய பகை அப்படியே இருந்தது. பிறகு 2001 செப்டம்பர் தாக்குதல் வந்து மொத்த விமானத்துறையையும் அடித்துப் போட்டது.

டிரிபியூன் இன்னும் மோசம். 2007இல் சாம் ஜெல் என்ற முதலீட்டாளர் ஈசாப் என்ற போர்வையில் அந்தப் பத்திரிகைக் குழுமத்தை வாங்கினார், ஊழியர்களிடம் ஒப்புதல் கேட்கவில்லை. கடன் சுமார் 1,300 கோடி டாலர். 2008 டிசம்பரில் திவால். இதை ஊழியர் உரிமையின் தோல்வி என்று எழுதுவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. அது கடன் வாங்கி நிறுவனத்தைப் பிடிக்கும் சூதாட்டம், வரிச் சலுகைக்காக ஊழியர்களின் பெயரைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கிம், ஊய்மெ என்ற இரு பொருளியலாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. 5 சதவீதத்துக்குக் குறைவான பங்கை ஊழியர்களுக்குக் கொடுத்த நிறுவனங்களில் உற்பத்தியும் சம்பளமும் கூடின. பெரிய பங்கைக் கொடுத்தவற்றில் அந்தப் பலன் மங்கிவிட்டது, ஏனென்றால் அவற்றில் பல கையில் காசு இல்லாமல் சம்பளத்துக்குப் பதில் பங்கு கொடுத்தவை, அல்லது வேறொருவர் கைப்பற்றாமல் தடுக்க ஊழியர்களைக் கேடயமாக வைத்தவை. எவ்வளவு பங்கு என்பதைவிட எதற்காகக் கொடுத்தார்கள் என்று கேட்பதுதான் பயனுள்ள கேள்வி.

நல்ல நோக்கத்தோடு நடப்பவற்றுக்கும் ஒரு நிஜமான பலவீனம் இருக்கிறது. அது மூலதனம். மோன்ட்ராகோனின் முதல் கூட்டுறவை அரிஸ்மென்டியரியேட்டா என்ற பாதிரியாரின் தூண்டுதலில் ஐந்து இளைஞர்கள் 1956இல் தொடங்கினார்கள். பிறகு ஃபாகோர் என்ற பெயரில் குளிர்சாதனப் பெட்டி, சலவை இயந்திரம் எல்லாம் செய்து வளர்ந்தது. 2005இல் கடன் வாங்கி பிரான்சின் பிராண்ட் நிறுவனத்தை வாங்கினார்கள். மூன்றே வருடத்தில் ஸ்பெயினில் வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டது. வீடு விற்காதபோது அடுப்பும் விற்காது. உறுப்பினர்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார்கள், மற்ற கூட்டுறவுகள் தங்கள் பணத்தைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தப் பார்த்தன, கடைசியில் 2013இல் இனி முடியாது என்று குழுமமே கைவிரித்தது. வெளிச்சந்தையில் பங்கு விற்றுப் பணம் திரட்டும் வழி அவர்களிடம் இல்லை. அதேசமயம் ஒன்றைக் கவனியுங்கள். ஃபாகோரின் உறுப்பினர்களில் பெரும்பாலானோருக்கு மற்ற மோன்ட்ராகோன் கூட்டுறவுகளில் வேலையோ முன்கூட்டிய ஓய்வோ கிடைத்தது. நிறுவனம் செத்தது, ஆட்கள் தெருவுக்கு வரவில்லை. இந்தப் பாதுகாப்பு உறுப்பினர்களுக்குத்தான், உறுப்பினர் அல்லாத சம்பளத் தொழிலாளர்களுக்கும் வெளிநாட்டுக் கிளைகளில் இருந்தவர்களுக்கும் அந்த அளவுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஜான் லூயிஸிலும் மூலதனம்தான் முட்டுக்கட்டை. 1929இல் ஸ்பீடன் லூயிஸ் தன் கடைகளை டிரஸ்டுக்கு மாற்றினார். மேலாளர் முதல் கடை உதவியாளர் வரை எல்லோருக்கும் சம்பளத்தில் ஒரே சதவீதம் போனஸ். 2008இல் அது 20%. 2020இல் 2%. 2021இல் பூஜ்யம், 1953க்குப் பிறகு முதல் தடவையாக. ஆன்லைன் விற்பனையும் மலிவு விலைக் கடைகளும் அந்த நாட்டின் பெரிய கடைகள் எல்லாவற்றையும் திணறடித்தன, அதில் ஊழியர் உரிமைக்குத் தனிப் பாவம் எதுவும் இல்லை. ஆனால் கடைகளைப் புதுப்பிக்கப் பெரும் பணம் தேவைப்பட்டபோது போனஸை நிறுத்துவதா, வெளியாருக்குப் பங்கு விற்பதா என்ற இடத்துக்கு வந்துவிட்டார்கள். 2023இல் சிறுபான்மைப் பங்கை விற்கும் யோசனை வெளியே வந்தபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது, பிறகு அதைக் கைவிட்டார்கள்.

வெற்றியும் சில சமயம் இந்த நிறுவனங்களைக் கரைத்துவிடும். நான் சொன்ன பிளைவுட் கூட்டுறவுகளில் உறுப்பினர் பங்கின் விலை ஏறிக்கொண்டே போனது. புதிதாக வரும் இளைஞரால் வாங்க முடியவில்லை. சரி, உறுப்பினர் இல்லாமல் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வோம் என்றார்கள். பழையவர்கள் ஓய்வு பெறும் வயதில் நல்ல விலைக்கு வெளி நிறுவனத்திடம் ஆலையையே விற்றார்கள். மரம் கிடைப்பதும் குறைய, ஒன்றொன்றாக மறைந்துபோயின. இத்தாலி இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. அங்கே கூட்டுறவின் சேமிப்பு நிதியை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. கலைத்தாலும் அந்தப் பணம் கூட்டுறவு இயக்கத்துக்கே போகும். ஆகவே விற்றுவிட்டுப் போகும் ஆசை எழுவதில்லை, மூலதனமும் தலைமுறை தாண்டிச் சேர்கிறது. இமோலாவில் 1919இல் தொடங்கிய சாக்மி என்ற கூட்டுறவு இன்று ஓடு செய்யும் இயந்திரங்களில் உலகின் முன்னணியில் நிற்கிறது. கனரக இயந்திரம் செய்வது கூட்டுறவால் முடியாத காரியம் என்பவர்களிடம் நான் இந்தப் பெயரைச் சொல்வேன்.

கடைசியாக, இப்படி ஒரு நிறுவனத்தில் சேர நினைப்பவர்களுக்கு. உங்கள் சம்பளமும் சேமிப்பும் ஒரே இடத்தில் இருப்பது ஆபத்து. அமெரிக்க எரிசக்தி நிறுவனமான என்ரான் 2001இல் விழுந்தபோது ஊழியர்களின் ஓய்வுக்கால நிதியில் பாதிக்கு மேல் என்ரான் பங்காகவே இருந்தது. வேலையும் போய், சேமிப்பும் சேர்ந்தே போனது. இப்படிப்பட்ட ஆபத்துக்காகவே, என்ரானுக்கு முன்பிருந்தே அமெரிக்கச் சட்டத்தில், பத்து வருடம் ஈசாபில் இருந்த ஊழியர் 55 வயதை எட்டியதும் தன் பங்கில் கால்பகுதி வரை வேறு முதலீட்டுக்கு மாற்றக் கேட்கலாம், 60 வயதில் பாதி வரை. இன்னொன்று, பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம் என்றால், விலகுகிறவர்களின் பங்கைத் திரும்ப வாங்க அது பணம் ஒதுக்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே காலத்தில் சேர்ந்தவர்கள் ஒரே காலத்தில் ஓய்வு பெறும்போது இந்தக் கணக்கு நல்ல நிறுவனத்தைக்கூட மூச்சுத் திணற வைக்கும். சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு பங்கு வாங்கச் சொன்னால் இரண்டு தடவை யோசியுங்கள். அப்புறம், வேலை பார்க்கும் யாராவது ஒருவரைத் தனியாகப் பிடித்து, போன மாதம் நிறுவனம் எவ்வளவு சம்பாதித்தது என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று எண்ணைச் சொல்கிறாரா, "அதெல்லாம் மேலே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்" என்கிறாரா என்று கவனியுங்கள்.